எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே போன் நம்பர்: 2147483647

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாத மழை. வகுப்புக்கு ஒருவரும் வரவில்லை. சரி, சும்மா இருக்கிற நேரத்தில் டியூஷன் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலைக் கொப்பியிலிருந்து கணினிக்கு மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஹட்டனில் ஒரு மாடி அறையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன், மழை நாளில் பாதிப் பேர் தோட்டத்திலிருந்து வர முடியாது என்பதால் எல்லாருக்கும் ஒரே தடவையில் குறுஞ்செய்தி அனுப்ப ஒரு வழி வேண்டியிருந்தது. பெயர், பாடசாலை, போன் நம்பர். நம்பருக்கு முன்னால் 94 போட்டு ஏற்றினேன். முடித்துவிட்டுத் திறந்து பார்த்தால் பெயர் சரி, பாடசாலை சரி, போன் நம்பர் மட்டும் அத்தனை பேருக்கும் ஒன்றேதான்: 2147483647.

பிழை என்னுடையதுதான். போன் நம்பருக்கான கட்டத்தை ‘முழுஎண்’ என்று வகைப்படுத்தி வைத்திருந்தேன். அந்தக் கட்டத்துக்குள் போகக்கூடிய ஆகப் பெரிய எண் அதுதான், அதைவிடப் பெரிதாக எதைக் கொடுத்தாலும் அந்த மென்பொருள் சத்தமே போடாமல் இதை எழுதி வைத்துவிடும். 94இல் தொடங்கும் நம் கைபேசி எண் 11 இலக்கம், இது 10 இலக்கம், கொள்ளவில்லை. இந்தக் கோளாறு உலகம் முழுக்க நடப்பதுதான். அமெரிக்காவில் 214 என்பது டலஸ் நகரத்தின் தொலைபேசிக் குறியீடாக இருப்பதால், அங்கே இது அச்சு அசலாக ஒரு டலஸ் நம்பர் போலவே தெரியும், பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது.

214 கோடியே 74 இலட்சத்து 83 ஆயிரத்து 647. பார்த்தால் ஒரு ஒழுங்கும் இல்லாத எண். ஆனால் கணிதக்காரனுக்கு இது பழைய சொந்தக்காரன் மாதிரி. இரண்டின் 31ஆம் வலுவிலிருந்து, அதாவது 31 இரண்டுகளைப் பெருக்கி வருவதிலிருந்து, ஒன்றைக் கழித்தால் வருவது.

இதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க நான் சொல்லும் கணக்கு இது. சதுரங்கப் பலகையில் அரிசி வைத்த பழைய கதைதான், நம் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டேன். ஒரு துரை வந்து கேட்கிறார்: ‘ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, ஆயிரம் ரூபாய் வேண்டுமா, இல்லை முதல் நாள் ஒரு சதம், மறுநாள் இரண்டு சதம், அதற்கடுத்த நாள் நாலு சதம் என்று இரட்டித்துக்கொண்டே போகட்டுமா?’ அந்த ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கு மலையகம் எத்தனை வருடம் கத்தியது, 2021இல்தான் அது கைக்கு வந்தது என்பதெல்லாம் பிள்ளைகளுக்கு வீட்டில் கேட்டுக் கேட்டே தெரியும், அதனால் வகுப்பில் பெரும்பாலும் ஆயிரத்துக்கே கை தூக்குவார்கள். பத்தாம் நாள் சதக்காரருக்கு விழுவது வெறும் 5 ரூபாய் 12 சதம், பாவமாகத்தான் இருக்கும். 21ஆம் நாள் முடியும்போதுகூட, ஒரு நாளும் விடாமல் வேலை செய்த ஆயிரம் ரூபாய்க்காரரிடம் 21,000 ரூபாய், சதக்காரரிடம் 20,971 ரூபாய் 51 சதம். 28 ரூபாய் 49 சதம் பின்னால் நிற்கிறார். மறுநாள் அவருடைய மொத்தம் 41,943 ரூபாய் 3 சதம். அதற்கப்புறம் அவரைப் பிடிக்க ஆளில்லை. 31 நாள் மாதம் என்றால் மாத முடிவில் அவருடைய கணக்கில் சதங்களின் எண்ணிக்கை சரியாக 2147483647, அதாவது 2 கோடியே 14 இலட்சத்து 74 ஆயிரத்து 836 ரூபாய் 47 சதம். ஆயிரம் ரூபாய்க்காரர் வருடத்துக்கு 300 நாள் பேர் போட்டாலும் இந்தத் தொகைக்கு 71 வருடத்துக்கு மேல் மலை ஏற வேண்டும்.

இதுவரை சொன்னது இரட்டிப்பின் வேகம்தான். அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம், பெரிதாக ஒன்றுமில்லை. விசேஷம் இனித்தான்.

மாதம் முடிந்து அந்தப் பணத்தை லயத்தில் உள்ளவர்களுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுக்கப் போகிறோம் என்று வையுங்கள், ஒரு சதமும் மிஞ்சக் கூடாது. பெப்ரவரியில் 28 நாள், சதங்கள் 268435455. மூன்று பேருக்குப் பிரிக்கலாம், ஐந்து பேருக்குப் பிரிக்கலாம், 29 பேருக்கும் பிரிக்கலாம். லீப் வருடத்துப் பெப்ரவரி என்றால் 29 நாள், சதங்கள் 536870911. இது கொஞ்சம் பிடிவாதமான எண், மூன்றுக்கும் மசியாது, ஐந்துக்கும் ஏழுக்கும் மசியாது, ஆனால் 233 பேர் இருந்தால் சரியாகப் பிரியும், 1103 பேர் இருந்தாலும் பிரியும், 2089 பேர் இருந்தாலும் பிரியும். 30 நாள் மாதத்தில் 3, 7, 11, 31 என்று எத்தனையோ வழி. 31 நாள் மாதத்தில் மட்டும் எந்த வழியும் இல்லை. ஒரு தோட்டத்துக்கே பிரித்தாலும், மலையகம் முழுவதற்கும் பிரித்தாலும், இலங்கையின் மொத்தச் சனத்தொகைக்கும் பிரித்தாலும் சதம் மிஞ்சும். ஒரே ஆள் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம், அல்லது 214 கோடிச் சொச்சம் பேர் ஆளுக்கு ஒரு சதம் எடுத்துக்கொள்ளலாம், நடுவில் ஒன்றுமே கிடையாது. நம் பாடப்புத்தகம் முதன்மை எண் என்றும் தமிழ்நாட்டுப் புத்தகம் பகாஎண் என்றும் சொல்வது இதைத்தான். இந்த இடத்தில் அந்தப் பக்கத்துச் சொல்தான் அழகு என்று எனக்குப் படுகிறது, பகாதது பகாதது தானே.

சரி, இது முதன்மை எண்தான் என்று எப்படித் தெரியும்? ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கலாம். வர்க்கமூலம் 46,340ஐச் சற்றுத் தாண்டுகிறது, அதுவரை உள்ள முதன்மை எண்களால் வகுத்தாலே போதும், ஆனால் அதுவே நாலாயிரத்துக்கும் மேல். கையால் செய்கிற வேலையா அது? 1772இல் ஒருவர் செய்து முடித்தார். லெயோன்ஹார்ட் ஆய்லர், சுவிட்சர்லாந்தில் பிறந்து ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பேர்க்கில் வாழ்ந்தவர், அந்த நேரத்தில் அவருக்குக் கண்பார்வை அநேகமாகப் போயிருந்தது. பெர்னூலி குடும்பத்து ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் போகிற போக்கில் சொல்வதுபோல இதைச் சொல்லியிருக்கிறார்.

அவர் நாலாயிரம் வகுத்தல் செய்யவில்லை. எந்த எண்களால் வகுத்துப் பார்க்கவே தேவையில்லை என்று முதலில் யோசித்தார், வித்தை முழுக்க அந்த யோசனையில்தான் இருக்கிறது. லீப் வருடத்து 29 நாள் கணக்கின் காரணிகளைத் திரும்பப் பாருங்கள்: 233, 1103, 2089. மூன்றிலும் ஒன்றைக் கழித்தால் 232, 1102, 2088. மூன்றும் 58இன் மடங்கு. 58 என்பது 29இன் இரண்டு மடங்கு. தற்செயல் இல்லை. 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றையும் ஏதாவது ஒற்றை முதன்மை எண்ணால் வகுத்து மீதியை மட்டும் எழுதிக்கொண்டு வந்தால், மீதிகள் ஒரு கட்டத்தில் திரும்பவும் 1க்கு வந்து சேரும், அங்கிருந்து பழையபடி அதே சுற்று. அந்தச் சுற்றின் நீளம், வகுக்கிற எண்ணில் ஒன்று குறைந்ததை எப்போதும் மீதியின்றி வகுக்கும். இது 1640இல் பெர்மா என்ற பிரெஞ்சுக் கணிதக்காரர் சொல்லிவைத்த விதியிலிருந்து வருவது. இப்போது நம் எண்ணை ஏதாவது ஒரு முதன்மை எண் வகுக்கிறது என்றால், 31ஆவது இரட்டிப்பில் மீதி 1 ஆகிவிட்டது என்று அர்த்தம். ஆகவே சுற்றின் நீளம் 31ஐ வகுக்க வேண்டும், 31 தானே ஒரு முதன்மை எண் என்பதால் நீளம் 31ஆகத்தான் இருக்க முடியும் (1ஆக இருக்க வழியில்லை, ஏனென்றால் 2ஐ வகுத்து 1 மீதி வர 2க்கும் 1க்கும் உள்ள வித்தியாசமான 1ஐயே அந்த எண் வகுக்க வேண்டும்). ஆக, வகுக்கிற எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் 31இன் மடங்கு. ஒற்றை எண்ணிலிருந்து ஒன்று கழிந்தால் இரட்டை, எனவே 62இன் மடங்கு. வரிசையில் 62இன் மடங்கோடு ஒன்று கூட்டிய எண்கள் மட்டும் நிற்கலாம், மற்றவை எல்லாம் வீட்டுக்குப் போகலாம்.

ஆய்லர் இன்னொரு சல்லடையும் போட்டார். எட்டால் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வருகிறவை மட்டுமே காரணியாக முடியும் என்பது அது, அதன் காரணத்துக்குள் போனால் கட்டுரை நீண்டுவிடும், விட்டுவிடுகிறேன். இரண்டையும் சேர்த்தால் 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வரும் எண்கள்தான் மிச்சம். எவ்வளவு கொட்டிவிட்டது என்று பாருங்கள். இரண்டிலிருந்து 1303 வரை இருநூறுக்கும் மேற்பட்ட முதன்மை எண்கள் இருக்கின்றன. அதில் நாம் வகுத்துப் பார்க்க வேண்டியவை இரண்டே இரண்டு, 311உம் 1303உம். முதலாவதில் மீதி 35, இரண்டாவதில் மீதி 226. இப்படி 46,340 வரை போனால் மொத்தம் நூறு வகுத்தல்கூட வராது. ஒரு மழை நாளில் செய்து முடித்துவிடலாம், நான் செய்தும் பார்த்தேன். ஆனால் நான் கண் தெரிகிறவன், கையில் கல்குலேட்டரும் இருந்தது.

பிற்பாடு இதைவிடச் சுருக்கமான வழி ஒன்று வந்தது, லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர் 1870களில் தொடங்கி, 1930 வாக்கில் லேமர் என்ற அமெரிக்கர் செம்மைப்படுத்தியது. 4இல் தொடங்கு, வர்க்கமாக்கி 2ஐக் கழி, சோதிக்கிற எண்ணால் வகுத்து மீதியை எடு, திரும்பவும் அதையே செய். ஐந்து நாள் கணக்கான 31ஐச் சோதித்துப் பாருங்கள்: 4, பிறகு 14, பிறகு 194, 194ஐ 31ஆல் வகுக்க மீதி 8, 8இன் வர்க்கத்தில் இரண்டு குறைய 62, மீதி பூச்சியம். பூச்சியம் வந்தால் முதன்மை எண். 31 நாள் கணக்குக்கு இதை 29 தடவை செய்தால் போதும்.

இரண்டின் வலுவில் ஒன்று குறைந்து முதன்மையாக நிற்கும் எண்களுக்கு மெர்சென் முதன்மை எண் என்று பெயர். மெர்சென் பிரான்சு நாட்டுத் துறவி, 1644இல் எந்தெந்த வலுக்களில் இது நடக்கும் என்று 257 வரை ஒரு பட்டியல் போட்டார், அதில் 31 சரி, 67உம் 257உம் பிழை, 61, 89, 107 விடுபட்டுப்போனவை. இத்தனை பிழைக்குப் பிறகும் பெயர் அவருக்கே நின்றுவிட்டது. ஆய்லருடையது இந்த வரிசையில் எட்டாவது. இப்போது 52 தெரியும், ஆகக் கடைசியாக 2024 ஒக்டோபரில் கிடைத்தது 4 கோடியே 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் உள்ளது.

ஆய்லரின் எண் நீண்ட காலம் உலகத்துக்குத் தெரிந்த ஆகப் பெரிய முதன்மை எண்ணாக இருந்தது. 1867 வரை என்று பொதுவாகச் சொல்வார்கள். மலையகத்துக்காரனுக்கு அந்த வருடத்தை மறக்க முடியுமா? ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட வருடம், கொழும்பிலிருந்து ரயில் கண்டிக்கு வந்து சேர்ந்த வருடமும் அதுவே. எங்கள் பாட்டன் பூட்டன் கோப்பிக் காட்டில் நின்ற காலம் முழுக்க உலகத்தின் பெரிய முதன்மை எண் இது, தேயிலை வந்ததும் இது போய்விட்டது என்று வகுப்பில் சொல்லிச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். ஆனால் கணக்கு கணக்குத்தான்: 1855இலேயே தாமஸ் கிளாசென் என்பவர் ஜெர்மன் கணிதக்காரர் காவுஸுக்கு எழுதிய கடிதத்தில் இதைவிடப் பெரிய ஒரு முதன்மை எண் இருக்கிறது, 67280421310721. கடிதத்தில் மட்டும் கிடந்ததால் அதை விட்டுவிட்டு அச்சில் வந்ததைப் பிடித்துக்கொண்டால்தான் 1867. எனக்கு 1867 பிடிக்கும் என்பதற்காக கிளாசெனை மறைக்க முடியாது.

‘இதற்கு மேல் இல்லை’ என்று இந்த எண்ணைப் பார்த்துச் சொன்னவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர். மெர்சென் முதன்மை எண் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறைவெண் துணையாக வரும், அதாவது தன்னை விட்டுத் தன் காரணிகளையெல்லாம் கூட்டினால் தானே வருகிற எண், 6, 28 மாதிரி. நம் எண்ணுக்குத் துணை 2305843008139952128. இதைப் பற்றி 1811இல் எழுதும்போது பார்லோ, இனி இதைவிடப் பெரிய நிறைவெண் ஒருபோதும் கண்டுபிடிக்கப்படாது என்றார், காரணம் இவை வெறும் வேடிக்கை, பிரயோசனம் இல்லை, யார் மினக்கெடப் போகிறார்கள் என்பது. 1876இல் லூக்கா அதைத் தாண்டிவிட்டார், இரண்டின் 127ஆம் வலுவில் ஒன்று குறைந்த எண்ணோடு. பிரயோசனம் இல்லை என்றால் மனுஷர் மினக்கெட மாட்டார்கள் என்று எந்த நம்பிக்கையில் சொன்னாரோ தெரியவில்லை.

இன்னொரு ஆசை இருந்தது கணிதக்காரர்களுக்கு. 5 முதன்மை எண். இரண்டின் 5ஆம் வலுவில் ஒன்று குறைந்தால் 31, அதுவும் முதன்மை. 31ஐ வைத்து அதையே செய்தால் நம் எண், அதுவும் முதன்மை. அப்படியானால் நம் எண்ணையே வலுவாக ஏற்றி ஒன்றைக் கழித்தால்? 64 கோடி இலக்கத்துக்கும் மேல் நீளும் ஓர் அசுரன் வருவான். அவனும் முதன்மையாக இருந்தால் எவ்வளவு அழகு. இல்லை. 295257526626031 அவனை வகுக்கிறது. எப்படிப் பிடித்தார்கள் என்றால் மேலே சொன்ன அதே சல்லடைதான்: இந்தக் காரணியிலிருந்து ஒன்றைக் கழித்து 2147483647இன் இரண்டு மடங்கால் வகுத்துப் பாருங்கள், மீதியில்லாமல் 68745 வரும்.

இனி கணினிக்கு வருவோம், என் பெயர்ப்பட்டியலை நாசம் செய்த இடத்துக்கு. நெடுங்காலமாகக் கணினியில் முழுஎண் என்றால் 32 பிட், அதாவது 32 சுவிட்ச். அதில் ஒன்று கூட்டலா கழித்தலா என்ற குறிக்குப் போய்விடும். மிச்சம் 31. முதல் சுவிட்சின் பெறுமதி 1, அடுத்தது 2, அடுத்தது 4, நம் சதக்காரரின் மாதம் அப்படியே. முப்பத்தொன்றையும் போட்டுவிட்டால் 2147483647. கணினி செய்தவர்கள் முதன்மை எண் வேண்டுமென்று தேடி எடுக்கவில்லை, குறிக்கு ஒன்று போக 31 மிஞ்சியது, 31ஆம் வலுவில் ஒரு மெர்சென் முதன்மை எண் அமைந்துவிட்டது, அவ்வளவுதான். அந்த அமைப்பிலும் ஒரு பயன் உண்டு. 1ஐ எடுத்து 16807ஆல் பெருக்கி நம் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொண்டு, அதையே திரும்பத் திரும்பச் செய்தால் 16807, 282475249, 1622650073, 984943658 என்று சீட்டுக் குலுக்கியது போல எண்கள் வரும்; வகுக்கும் எண் முதன்மையாக இருப்பதாலும் 16807ஐப் பொறுக்கி எடுத்திருப்பதாலும் 1 முதல் 2147483646 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒரு தடவை வந்த பிறகுதான் சுற்று திரும்பும். 1988இல் பார்க், மில்லர் என்ற இருவர் இதைப் பரிந்துரைத்த பிறகு எத்தனையோ மென்பொருள்களில் எழுமாறான எண் தந்தது இந்தப் பெருக்கல்தான்.

முப்பத்தொரு சுவிட்சும் நிறைந்த பிறகு இன்னும் ஒன்றைக் கூட்டினால் குறிச் சுவிட்ச் மாறிவிடும், பெரும்பாலான இடங்களில் விடை −2147483648. கொழுந்து நிறுக்கிற வட்டத் தராசில் முள் ஒரு சுற்று முடித்துப் பூச்சியத்துக்கே வந்து நிற்பதைக் கற்பனை செய்யுங்கள், இங்கே பூச்சியத்துக்கும் கீழே போய்விடுகிறது. 2014இல் யூடியூபில் ஒரு கொரியப் பாட்டு இந்த எண்ணை நெருங்கியபோது பார்வைக் கணக்கை 64 பிட்டுக்கு மாற்றியதாக அறிவித்தார்கள். 2015இல் போயிங் 787 விமானங்களுக்கு அமெரிக்க விமானப் பாதுகாப்புத் துறை ஓர் உத்தரவு போட்டது: மின்பிறப்பாக்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகளை 248 நாள் நிறுத்தாமல் ஓட விட்டால் அவை தாமாகவே நின்றுவிடும், ஆகவே அதற்கு முன் அணைத்துப் போடுங்கள் என்று. கணக்கைப் போட்டுப் பாருங்கள், நூறில் ஒரு பங்கு விநாடியாக எண்ணினால் 2147483647 என்பது 21474836.47 விநாடி, நம் சதக்காரரின் சம்பளத்தில் ரூபாய்க்குப் பதில் விநாடி. நாளாக்கினால் 248 நாளும் 13 மணித்தியாலமும். ஆய்லரின் சல்லடையிலும் 248 வந்ததே என்று பிள்ளைகள் கேட்பார்கள். அது எட்டு முப்பத்தொன்று 248, இது வேறு 248, இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

பெரிய தவணை இன்னும் வரவில்லை. எத்தனையோ கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1ஆம் திகதி கிரீன்விச் நள்ளிரவிலிருந்து விநாடி விநாடியாக எண்ணி வைக்கின்றன. 32 பிட்டில் எண்ணுகிறவற்றுக்கு அந்த எண்ணிக்கை 2147483647ஐத் தொடும் நேரம் 2038 ஜனவரி 19, கிரீன்விச்சில் அதிகாலை 3 மணி 14 நிமிடம் 7 விநாடி. நமக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால், காலை 8:44:07. செவ்வாய்க்கிழமை. தைப்பொங்கல் கழிந்து நாலைந்து நாள், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பிரட்டு முடிந்து கூடையோடு மலைக்குப் போனவர்கள் முதல் நிறுவைக்கு இன்னும் வந்திருக்க மாட்டார்கள். திருத்தப்படாத கருவி ஏதாவது அப்போதும் ஓடிக்கொண்டிருந்தால் அடுத்த விநாடியில் அது கிரீன்விச் நேரப்படி 1901 டிசெம்பர் 13 என்று காட்டும், கங்காணிமார் ஆள்கட்டிக் கொண்டுவந்த காலம். புதிய போன்களும் கணினிகளும் பெரும்பாலும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன, அதில் விநாடி எண்ணினால் 29,000 கோடி வருடத்துக்கு மேல் போகும். பயம் சுவரில் பொருத்திவிட்டு யாரும் திரும்பிப் பார்க்காத பழைய பெட்டிகளைப் பற்றித்தான், அப்படியான பெட்டிகள் நம் பக்கத்தில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

என் பட்டியலில் போன் நம்பர்க் கட்டத்தை எழுத்து வகைக்கு மாற்றினேன், முதலிலேயே அப்படித்தான் செய்திருக்க வேண்டும், போன் நம்பரை யாரும் கூட்டவோ வகுக்கவோ போவதில்லையே. ஆனால் ஏற்கெனவே 2147483647 ஆகிவிட்ட நம்பர்களை மீட்க வழியில்லை, எந்த நம்பர் அந்த எண்ணானது என்பதற்கு அதில் ஒரு தடயமும் இருக்காது. நல்ல வேளை கொப்பியைத் தூக்கிப் போடவில்லை. அடுத்த ஞாயிறும் மழை, உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தட்டினேன்.